விதை வெளிச்சம்

எங்கள் மலையூரான கடுக்காமொடக்குக்குக் கம்பி மின்சாரம் வருவதற்கு முன்னால், அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கழுதைகளின் முதுகில் வெயிலை மின்சாரமாக்கும் கண்ணாடிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு அரசாங்கம் எங்களைத் தேடி மலையேறி வந்த காலத்தில், எங்கள் வீடுகளில் ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைய பகல் இன்னொரு தடவை நடந்தது. இப்போது சுவரில் பொத்தானைத் தட்டினால் விளக்கு எரிகிறது. நல்ல வெளிச்சம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, சோற்றில் கல் கிடந்தால் தெரிகிறது. ஆனால் அது எந்த நாளின் வெளிச்சமும் இல்லை, அதில் எங்கள் ஊர்க் காக்கை ஒன்றுகூடப் பறப்பதில்லை. அதனால்தான் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது ஒரு பாட்டுக் குழு. முகத்துக்கு மஞ்சள் பூசிய ஒருவர் சூரியனாக ஆட, கறுப்புத் துணி போர்த்திய இன்னொருவர் மண்ணெண்ணெயாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். நாங்கள் கைதட்டினோம், ஏனென்றால் விழுந்தவர் நன்றாக விழுந்தார். மண்ணெண்ணெய் நிஜமாகவே செத்துப்போனது பிறகுதான் தெரிந்தது, கீழே ரேஷன் கடையில் எங்கள் ஊருக்கு மட்டும் மண்ணெண்ணெயை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் பலகைகளோடு பொறியாளர் ஜெயசீலன் வந்தார். கனத்த உடம்பு, சமவெளிக்காரர், வளைவுக்கு வளைவு உட்கார்ந்து எழுந்து வந்தவர், வந்ததும் வராததுமாக எங்களைக் கூட்டி வைத்து, வீட்டுக்கூரைமேல் தெற்கே பார்த்துப் பலகையை மாட்ட வேண்டும் என்றார். எங்கள் கூரைகள் புல் வேய்ந்தவை, ஒரு பூசணிக்காயைத் தாங்குவதே பெரிது. மேலும் காயப்போட வேண்டியதை எங்கே காயப்போடுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் நடுவில் பாறைக்களம் இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, கடுக்காய், புளி, எல்லாம் அங்கேதான் காய்கின்றன. ஆகவே வெளிச்சத்தையும் அங்கேயே காயப்போட்டோம். காலையில் பலகைகளைச் சாமைக்குப் பக்கத்தில் பரப்புவது, தூறல் விழுந்தால் ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டு மூடுவது, சாயங்காலம் பேட்டரிப் பெட்டியை இடுப்பில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய் விளக்கை மாட்டுவது. உச்சிப் பொழுதில் எங்கள் பெண்கள் பலகைகளையெல்லாம் குப்புறத் திருப்பிப்போட்டதைப் பார்த்து ஜெயசீலன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அடிப்பக்கம் காய வேண்டாம்மா, மேல் பக்கம்தான் வேலை செய்யும்.”

“அடியில ஈரம் நின்னுபோயிரும் சார்,” என்றாள் நல்லம்மா.

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாங்கள் அவருக்காக ஒரு தடவை கேட்டுக்கொண்டோம், அவர் போன பிறகு திருப்பித்தான் போட்டோம்.

அப்படிக் காய்ந்ததால்தான் அது நடந்தது என்று சிலர் சொல்வார்கள், எங்களுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. முதல் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் ஊர்க்கவுண்டர் வெள்ளையன் வீட்டுச் சுவரில் முதலில் காலை வெயிலின் இளமஞ்சள் விழுந்தது, பிறகு அன்று காலையில் களத்தைத் தாண்டிப்போன ஆட்டு மந்தையின் நிழல் மறுபடியும் தாண்டிப்போயிற்று, பிறகு மேகம் மறைத்த நேரத்துக்கு விளக்கு மங்கியது, மேகம் விலகியதும் பளிச்சென்றது, பலகைக்கும் சூரியனுக்கும் நடுவில் எது எது போயிற்றோ அதனதன் நிழல் போன வரிசையிலேயே போயிற்று, ஒரு நாளின் பகல் முழுவதும் ஒரு சாயங்காலத்துக்குள் அடங்கியது, ஒரு கதிர்க்கட்டை அடித்தால் ஒரு முறம் தானியம் ஆவது மாதிரி. அன்று எங்களோடு தங்கிவிட்ட ஜெயசீலன் சுவரில் தன்னையே பார்த்தார்.

“இது நான்தானே?” என்றார்.

“நீங்கதான் சார். கூழு குடிச்சிட்டு அங்கதான நின்னீங்க,” என்றார் வெள்ளையன்.

அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். சுவரில் இருந்தவர் இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு பாயை உதறிப் போட்டு, “வெளிச்சம் வருதா, வரலையா, அதுதாங்க எங்க கவலை. என்ன வெளிச்சம்னு கேக்கறது எங்க டிபார்ட்மென்ட் இல்ல,” என்று சொல்லிப் படுத்துவிட்டார். நல்ல மனிதர்.

நாங்கள் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டோம். கோழிகள்தான் பழகச் சிரமப்பட்டன, சுவரில் போகும் பருந்தின் நிழலுக்கெல்லாம் அடுப்புக்குள் ஓடி ஒளிந்தன. யார் வீட்டுப் பலாக்காய் யார் தலையில் போயிற்று என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டதால் திருட்டு நின்றுபோயிற்று, பிறகு திருடுகிறவர்கள் மழைநாளுக்குக் காத்திருக்கப் பழகினார்கள். ஒரு கிழவர், மகன்கள் யாரும் தன்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை என்ற வருத்தத்தில், பகலெல்லாம் ஒவ்வொரு பலகையின் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்று, சாயங்காலம் ஊரில் எல்லா வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் போய் நின்றார். ஓர் இளவட்டம், தனக்குப் பிடித்த பெண்ணின் வீட்டுப் பலகைக்கு முன்னால் தலைசீவிக்கொண்டு நிற்க, அவள் அப்பன் சாயங்காலம் அந்த இடம் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் கழித்துப் போடுவார், அதற்குள் அந்தப் பெண் சிரித்து முடித்திருப்பாள். கல்யாணம் அப்புறம் நடந்தது. பகலில் களத்தில் போட்ட சண்டை சாயங்காலம் சத்தமில்லாமல் சுவரில் நடக்கும்போது, போட்டவர்களே வெட்கப்பட்டு ஒருவருக்கொருவர் வெற்றிலை நீட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை கிடைத்தது, இரண்டாம் தடவையில் யாருக்கும் கால்வலி இல்லை.

அந்த வருஷம் சாமை அறுவடை வந்தபோது வெள்ளையன் ஒன்று சொன்னார். எங்கள் மலையில் எது விளைந்தாலும் முதலில் விதைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவோம். களத்தில் நல்ல நாளில் நன்றாகக் காய்ந்ததைப் பிரித்து, வைக்கோலில் பொதிந்து, சாணம் மெழுகி, கோட்டையாகக் கட்டித் தானியக் குதிருக்குள் வைப்போம், பட்டினி கிடந்தாலும் விதைப்புவரை அதில் கை வைக்க மாட்டோம். “வெளிச்சமும் காயற சாமான்தான,” என்றார் வெள்ளையன், “அதுக்கு மட்டும் வெதை வேணாமா? ஐப்பசி மூட்டத்துல பொழுதே தெரியாது. அப்ப எத வெச்சு வெதைக்கிறது?” அதில் எங்களுக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. கோயிலுக்கென்று அரசாங்கம் கொடுத்திருந்த விளக்கும் பெட்டியும் சும்மாதான் கிடந்தன. அறுவடையில் மிக நல்ல வெயில் அடித்த நாளில் கோயில் பலகையைக் களத்தில் வைத்து, அந்தப் பகலைப் பெட்டியில் பிடித்து, ஏற்றாமலே வைக்கோலில் பொதிந்து சாணம் மெழுகி, வெள்ளையன் வீட்டுக் குதிருக்குள் இறக்கினோம்.

அந்த நாளில் களத்தில் பிணை ஓட்டியவன் தீர்த்தன். பரப்பிய கதிரின்மேல் மாடுகளைப் பிணைத்துக் காலையிலிருந்து சாயங்காலம்வரை சுற்றிச் சுற்றி மிதிக்க விடுகிற வேலை அது. கூட நடந்து வைக்கோலைத் தள்ளிக் கொடுக்க வேண்டிய அவன் பெண்டாட்டி சடைச்சி அன்று ஊரில் இல்லை. புளி உலுக்கக் கூப்பிட்டதற்கு அவன் வரவில்லை என்று ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய், அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு கீழ்மலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு வாரச் சந்தைக்குள் வந்துவிடுவாள் என்று நாங்களும் நினைத்தோம், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அறுவடை முடிந்த கையோடு தேன் எடுக்கப் போன தீர்த்தன் கயிறு அறுந்து பாறையிலிருந்து விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வழக்கப்படி விளக்கைப் போட்ட வீட்டுச் சுவர்களிலெல்லாம் அவன் காலையில் போனபடியே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தைக் கடந்து காட்டுப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யாருக்கும் விளக்கை அணைக்கக் கை வரவில்லை. கீழ்மலைக்கு ஆள் போய்ச் சொல்லி, சடைச்சி ஏறி வந்து சேர்ந்தபோது அவனைப் புதைத்து மண் மூடியாகிவிட்டது, அந்தச் சாயங்காலத்து வெளிச்சமும் எரிந்து தீர்ந்திருந்தது. ஊரே இரண்டாம் தடவை பார்த்த மனிதனை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சடைச்சி வெள்ளையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, அந்த வெதை வெளக்க எனக்கு ஒரு பொழுது குடுங்க. அதுல மட்டுந்தான் அவரு இருக்காரு.”

வெள்ளையன் எழுந்து குதிர்வரை போனார். ஆனாலும் அவர் ஊர்க்கவுண்டர். “வெதையில கை வெச்ச ஊருன்னு பேரு வாங்கச் சொல்றியா அம்மிணி? பஞ்சத்துல எங்கப்பன் செத்தாரு, கோட்டையப் பிரிக்கல.”

அவள் திரும்பிப் போனாள். ஆனால் அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் வந்து குதிருக்குப் பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். வெள்ளையன் வீட்டார் அவளைத் தாண்டிப்போய்ச் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அந்தக் குதிர் லேசாகச் சூடாக இருக்கும், தொட்டுப் பார்த்திருக்கிறோம், அறுவடை நாள் வெயிலின் சூடு.

ஐப்பசி பிறந்தது. மூட்டம் இறங்கி மலையை மூடிக்கொண்டது. பகலும் இருட்டு மாதிரியே இருந்தது, பலகைகள் களத்தில் நனைந்து கிடந்தன, விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மண்ணெண்ணெய் இல்லை. காட்டுப்பன்றி வாசல்வரை வந்து போயிற்று, கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் தடவித் தடவிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் ஜெயசீலன் குடையோடு ஏறி வந்து, ஊர் விளக்குகளையெல்லாம் பார்த்துவிட்டு, கோயில் விளக்கு எங்கே என்று கேட்டார். வெள்ளையன் வீட்டுக் குதிர் இருக்கும் பக்கம் கைகாட்டினோம். அவர் சிரிக்கவில்லை. சாண மெழுக்கைத் தடவிப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சடைச்சியைப் பார்த்தார், நல்லம்மா அவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“ஏத்தாம வெச்சிருந்தாலும் பேட்டரி தானா இறங்கிரும்மா,” என்றார் அவர், சடைச்சிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து. “கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போயிரும். இந்நேரம் பாதி போயிருக்கலாம், யாருக்குத் தெரியும். இன்னும் ரொம்ப நாள் வெச்சீங்கன்னா உள்ள ஒண்ணும் இருக்காது.”

சடைச்சி குதிரில் கையை வைத்துப் பார்த்தாள். சூடு குறைந்திருப்பது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெள்ளையன் ஊரைக் கூட்டினார். கோட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எங்கள் ஊர்க்கூட்டத்தில் சாதாரணமாக ஆளுக்கொரு பேச்சுப் பேசி யாரும் யாரையும் கேட்க மாட்டோம், அன்று எல்லாரும் வெள்ளையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லார் வீட்டிலும் இருட்டு இருந்தது. எல்லார் முன்னாலும் சடைச்சி இருந்தாள்.

“வழக்கத்த நான் சொல்லிட்டேன்,” என்றார் வெள்ளையன். “ஆனா எனக்கு மனசு ஒப்பல. நீயே சொல்லு சடைச்சி. வேணும்னா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஏத்திக்க. ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டாங்க.”

அவள் கோட்டையின் சாண மெழுக்கில் கையை வைத்தாள்.

“எடுத்துட்டுப் போனா ஒரு பொழுதுல தீந்துரும் மாமா. அப்பறம் நானும் இருட்டுல இருப்பேன், நீங்களும் இருட்டுல இருப்பீங்க. வெதைங்க. எங்க பங்குக்கு வழக்கப்படி கடைசியா வெதைங்க, அப்ப நானும் கிட்ட நிக்கறேன்.”

கணவனை இழந்த வருஷத்தில் அந்த வீட்டு நிலத்தைக் கடைசியாக விதைப்பது எங்கள் வழக்கம்.

விதைப்பைப் பகலிலேயே வைத்தோம், எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்கிய பகல். பாறைக்களத்தில் கோட்டையைப் பிரித்து விளக்கை ஏற்றினோம். மூட்டத்துக்கு நடுவே அறுவடை நாளின் காலை வெயில் மஞ்சளாகப் பரவியது, எங்களுக்கெல்லாம் சாமை வைக்கோலின் வாசனை வந்தது. விதைக்கும்போது நிலம் நிலமாகப் போவதுபோல, வீடு வீடாக ஒவ்வொரு பலகையையும் அதற்கு முன்னால் கொண்டுவந்து கொஞ்ச நேரம் பிடித்தோம், அது குடித்து முடித்ததும் அடுத்தது. தீர்த்தனின் நிழல் பலகையில் விழுந்து உள்ளே போய்விட்டது, வெளியில் நின்றவர்களுக்குச் சுழல்கிற ஒரு மங்கல் மட்டும்தான் தெரிந்தது. வெள்ளையன் வீட்டுக்கு விடியல் போயிற்று, நல்லம்மா வீட்டுக்கு வெயில் ஏறுகிற நேரம் போயிற்று, இன்னொரு வீட்டுக்கு உச்சி, இன்னொரு வீட்டுக்கு இறங்கு வெயில். கடைசியில் விளக்கு சிவந்து தணிந்தபோது சடைச்சி தன் பலகையைக் கொண்டுவந்து பாறைமேல் சாய்த்து வைத்தாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விளக்குக்கும் பலகைக்கும் நடுவில் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விளக்கு அணையும்வரை அவள் கை நீண்டபடியே இருந்தது, நாங்கள் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று சாயங்காலம் ஊரில் யாரும் தங்கள் பங்கு வெளிச்சத்தை ஏற்றவில்லை. பேசி வைத்துச் செய்ததில்லை. வெள்ளையன் தன் பெட்டியையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு சடைச்சி வீட்டுக்குப் போனார்.

“எங்க ஊட்டுல அடுப்பு வெளிச்சமே போதும்,” என்றார்.

“எல்லாரும் இருட்டுல கெடப்பீங்களே மாமா.”

“நாங்க இருட்டுலயே பொறந்தவங்கதான, எங்க போயிரும் அது.”

அவர் போன பிறகு அவள் விளக்கைப் போட்டாள். விடியலில் தீர்த்தன் களத்துக்கு வந்தான், சோம்பல் முறித்தான், மாடுகளைப் பிணைத்தான். மறுநாள் சாயங்காலம் நல்லம்மா தன் விளக்கைக் கொண்டுபோய் வைத்தாள், அதில் அவன் சுற்றினான், ஒரு மாட்டின் முதுகில் தட்டினான். அதற்கு மறுநாள் அடுத்த வீடு. அப்படியே மூட்டக் காலம் முழுவதும் வீட்டுக்கு ஒரு சாயங்காலமாக அந்த ஒரு பகல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது, அது போய்ச் சேரும்வரை கடுக்காமொடக்கு இருட்டில் இருந்தது, அப்படி ஓர் இருட்டை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக வைத்துக்கொண்டிருந்ததில்லை. அவளோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் களத்தின் கீழ்க்கோடி வந்ததும் அவன் தலை திரும்பியது. கீழ்மலையிலிருந்து ஏறி வருகிற பாதை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று, காலையிலும் உச்சியிலும், கூழ் குடிக்கும்போதுகூட, அவன் அந்தப் பாதையைப் பார்த்தான். அந்த அறுவடை நாளில் நாங்கள் எல்லாரும் அதே களத்தில்தான் இருந்தோம், ஒருவரும் கவனிக்கவில்லை.

சடைச்சி அதைப் பார்த்து அழுதாள். “வந்துருப்பேன், வந்துருப்பேன்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நல்லம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

கடைசியாக மிஞ்சியது சடைச்சியின் சொந்த விளக்கு. மூட்டம் கலைந்து நட்சத்திரம் தெரியத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் அவளே எல்லார் வீட்டுக்கும் வந்து கூப்பிட்டாள். ஊர் முழுவதும் அந்தச் சின்ன வீட்டுக்குள்ளும் வாசலிலுமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். விளக்கைப் போட்டாள். சுவர் முழுவதும் இறங்கு வெயில் சிவந்தது. தீர்த்தன் மாடுகளை நிறுத்தினான், பிணையை அவிழ்த்தான், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தான், கீழ்க்கோடிப் பக்கம் திரும்பிப் பாதையைப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சொம்போடு வந்து நின்று கையை நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சொம்பு அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாறியது, அவன் தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்தான், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், மாடுகளை முன்னால் விட்டு அவளோடு வீட்டுப் பக்கம் நடந்தான். வெளிச்சம் தீரும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்; அதற்கப்புறம் அவன் பாதையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.